பயிருக்கு வைத்தியர் எங்கே?

(மயிலாப்பூரில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூரிலே கூட்டம், பேச்சோ பயிர்ப் பூச்சியைப் பற்றி! தலைப்பைக் கேட்டதும் புன்னகை பூத்த நண்பர்கள் சிலரை இங்கே காண்கிறேன். கபாலீசுவரர் கோயில் குளக்கரையிலே நாற்று நடுகிறார்களா? பாண்டி பசாரிலே பருத்தி விளைகிறதா? அடையாற்றிலே அடுக்குமாடிகளன்றி வேறென்ன வளர்கிறது? இங்கே வந்து புகையானைப் பற்றியும் மாவுப்பூச்சியைப் பற்றியும் பேசுவானேன் என்று அவர்கள் எண்ணக்கூடும்.

எண்ணட்டும். எண்ணிவிட்டு, நாளைக் காலை தெற்கு மாட வீதிக்குச் சென்று, அங்கே குவித்து வைக்கப்பட்டிருக்கும் கத்தரிக்காயைக் கையிலெடுத்துப் பார்க்கட்டும். மாசு இல்லை, மறு இல்லை, துளை இல்லை. கண்ணாடி போலப் பளபளக்கிறது! எப்படி வந்தது அந்தப் பளபளப்பு? கத்தரியிலே தண்டையும் காயையும் துளைக்கும் புழு உண்டு. அது காய்க்குள் புகுந்துவிட்டால் வெளியிலிருந்து எந்தத் தெளிப்பும் அதை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே, புழு புகுமுன்பே தெளிக்கிறான் உழவன். புகுந்ததோ என்ற ஐயத்தில் மீண்டும் தெளிக்கிறான். சந்தைக்கு நாள் நெருங்குகையில் அச்சத்தால் இன்னொரு முறையும் தெளிக்கிறான். ஏன் அந்த அச்சம்? துளையுள்ள காயை நாம் ஒதுக்கிவிடுவோம் என்பதனால்! அவன் முதுகிலே தொங்கும் தெளிப்பானின் விசையை அவன் கை மட்டுமா அழுத்துகிறது? நகரத்திலுள்ள நம் கைகளும் சேர்ந்தே அழுத்துகின்றன. இதை இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

மற்றொன்றும் சொல்வேன். இன்று கோவையிலே ஓங்கி நிற்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் எங்கே ஊன்றப்பட்டது? இதோ, கூப்பிடு தொலைவிலுள்ள சைதாப்பேட்டையிலே! 1868ஆம் ஆண்டு அங்கே ஒரு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1906ஆம் ஆண்டு அது கோவைக்குச் சென்றது. 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தென்சென்னைக்கும் உழவுக்கும் உறவில்லை என்போர் இந்த வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறேன்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்கிறீர்கள்? மருத்துவரிடம் செல்கிறீர்கள். அவர் நாடி பார்க்கிறார், நாவைப் பார்க்கிறார், ஒரு தாளிலே மருந்தின் பெயரை எழுதுகிறார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். நோயை அறிபவர் ஒருவர்; மருந்தை விற்பவர் மற்றொருவர். நோய் பார்ப்பவருக்கு விற்பனையால் இலாபமில்லை. விற்பவருக்கு நோயைத் தீர்மானிக்கும் உரிமையில்லை. இந்தப் பிரிவினையிலேதான் நோயாளியின் பாதுகாப்பு இருக்கிறது.

பயிருக்கு நோய் வந்தால் என்ன நடக்கிறது? வாடிய இலையொன்றைக் கிள்ளிச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு, உழவன் கடைத்தெருவுக்குப் போகிறான். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்க்கிறார், அலமாரியைத் திறக்கிறார், புட்டியை எடுத்து நீட்டுகிறார். "இதை அடியுங்கள், கூடவே இதையும் கலந்து அடியுங்கள்" என்கிறார். நோய் காண்பவரும் அவரே, விற்பவரும் அவரே. கடன் கொடுப்பவரும் பல ஊர்களில் அவரே! அறுவடை முடிந்ததும் கணக்குத் தீர்க்க வேண்டும். கடன்பட்டவன் எதிர்க் கேள்வி கேட்பதெங்ஙனம்?

கடைக்காரரைக் கொடியவர் என்று நான் கூறவில்லை. அவரும் பிழைக்க வேண்டும். அவருக்கு வேளாண் அறிவு வேண்டுமென்று, ஐதராபாத்திலுள்ள "மேனேஜ்" என்னும் நடுவணரசு நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டயப் படிப்பைத் தொடங்கிற்று. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால், அறிவு வளர்ந்தாலும் வருவாயின் வழி மாறவில்லையே! "ஒன்றும் அடிக்க வேண்டாம், பத்து நாள் பொறுத்திருங்கள்" என்று சொன்னால் அவர் கல்லாவிலே என்ன விழும்? பயிர்ப் பாதுகாப்பிலே பல வேளைகளில் சரியான அறிவுரை "ஒன்றும் செய்யாதீர்கள்" என்பதுதான். அந்த அறிவுரையை விற்க முடியாது, வழங்கத்தான் முடியும். வழங்குபவர் யார் என்பதே இன்றைய கேள்வி.

நம் பேச்சு வழக்கையே பாருங்கள். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் என்ன? மருந்து! "மருந்து அடித்தாயா?" என்று கேட்கிறோம். மருந்து என்றால் அளவுக்குமேல் போனாலும் நன்மைதானே என்று மனம் மயங்குகிறது. பெயர் மாறியதால் குணம் மாறவில்லை. 1958ஆம் ஆண்டு கேரளத்திலே, பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தின் விளைவாகத்தான் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அதே கேரளத்தின் காசர்கோட்டிலே, முந்திரித் தோட்டங்களின் மீது வானூர்தியிலிருந்து பொழியப்பட்ட எண்டோசல்ஃபான் எத்தனை குடும்பங்களின் கண்ணீருக்குக் காரணமாயிற்று என்பதை நாடறியும். 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தலையிட்டுத் தடை விதிக்க வேண்டியிருந்தது.

இவை கொடிய நஞ்சுகளின் கதைகள். அன்றாடத் தெளிப்பிலே நடப்பது என்ன? நெல்லைத் தாக்கும் புகையானை எடுத்துக்கொள்வோம். தூரின் அடியிலே அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி அது. பெருகினால் வயல் தீய்ந்ததுபோல் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். ஆனால், அதே வயலிலே சிலந்தி உண்டு. புகையானின் முட்டையைத் தேடி உண்ணும் நாவாய்ப்பூச்சி உண்டு. இவை கூலி கேளாத காவலர்கள். கண்ட பூச்சியையெல்லாம் கொல்லும் நஞ்சை வயலில் தெளித்தால் முதலில் சாவது காவலர் கூட்டம். புகையானின் முட்டையோ இலையுறைக்குள்ளே பத்திரமாக இருக்கும். சில நாளில் அது பொரிக்கும்; குஞ்சுகள் வெளிவரும்; உண்பார் எவருமில்லை; கொள்ளை தொடங்கும்! காவலரைக் கொன்றுவிட்டுக் கள்வரை வரவேற்பதன்றோ இது?

இதனால்தான், கோவைப் பல்கலைக்கழகம் ஒரு கணக்கை வகுத்து வைத்திருக்கிறது. சிலந்தி இல்லாத வயலானால், தூருக்கு ஒரு புகையான் என்ற நிலை வந்த பின்னரே தெளிப்பைப் பற்றி எண்ண வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலானால், தூருக்கு இரண்டு புகையான் வரையில் பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி இருந்தால் கணக்கே இருமடங்காக மாறுகிறது! இந்தக் கணக்கு எத்தனை உழவர்களைச் சென்றடைந்திருக்கிறது? புட்டியின் விளம்பரம் மண்சுவரில் இருக்கிறது. சிலந்தியின் கணக்கு புத்தகத்திலல்லவா இருக்கிறது!

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. பூச்சிக்கொல்லிக்கு அரசே பெரும் மானியம் கொடுத்தது. தெளித்தார்கள், தெளித்தார்கள், தெளித்துக்கொண்டேயிருந்தார்கள். 1984ஆம் ஆண்டு அரிசியில் தன்னிறைவு கண்டோம் என்று பெருமிதம் கொண்ட நாடு, இரண்டே ஆண்டுகளில் புகையானுக்குமுன் நடுங்கி நின்றது. 1986ஆம் ஆண்டு நவம்பரில், நெற்பயிருக்குப் பயன்பட்ட 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை அந்நாட்டு அரசு ஓர் ஆணையால் தடை செய்தது. மானியத்தையும் படிப்படியாக ஒழித்தது. அதோடு நின்றதா? இல்லை. 1989ஆம் ஆண்டு முதல், ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு, வயல்வெளியிலேயே உழவர் பள்ளிகளை நடத்தியது. பூச்சியை எண்ணவும், நண்பன் எது, பகை எது என்று பிரித்தறியவும் உழவர்கள் கற்றார்கள். தடை ஒரு கை. கல்வி மறு கை. இரு கையும் சேர்ந்தபோதுதான் ஓசை எழுந்தது.

அயல்நாட்டுக் கதை எதற்கு, நம் நாட்டிலே நடந்ததைச் சொல் என்பீர்கள். சொல்கிறேன். 2008ஆம் ஆண்டு கோவை வட்டாரத்திலே பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டிற்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அதற்கு இயற்கைப் பகைவர்கள் உண்டு, இங்கே இல்லை. பப்பாளி வெளுத்தது, மரவள்ளி சுருண்டது, பட்டுப்புழுவுக்கு உணவாகும் மல்பெரி பாழாயிற்று. உழவர்கள் தெளித்தார்கள். பூச்சியோ மெழுகு போர்த்த மேனியோடு சிரித்தது. மல்பெரியிலே நஞ்சைத் தெளித்தால் பட்டுப்புழு சாகும். தெளிக்காவிட்டால் இலை சாகும்! இந்த இருதலைக் கொள்ளியிலே தவித்தன கொங்கு நாட்டுக் குடும்பங்கள்.

மீட்டது எது? புதிய புட்டியா? இல்லை. 2010ஆம் ஆண்டு, பெங்களூரிலுள்ள நடுவணரசின் வேளாண் பூச்சிகள் ஆய்வகம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. எள்ளினும் சிறிய குளவிகள். மனிதரைக் கொட்டா, பயிரைத் தீண்டா. மாவுப்பூச்சியின் உடலிலே முட்டையிட்டு அதை அழிப்பதொன்றே அவற்றின் தொழில். கோவைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக வழங்கிற்று. 2011ஆம் ஆண்டிலே மாவுப்பூச்சியின் கொட்டம் அடங்கிற்று. அந்தக் குளவிகளுக்கு உழவன் விலை கொடுத்தானா? இல்லை. ஆண்டுதோறும் வாங்க வேண்டுமா? இல்லை. எந்த வாணிகருக்கும் இதில் இலாபமில்லை. ஆகவே எந்த வாணிகரும் இதைச் செய்யப்போவதுமில்லை. அரசின் ஆய்வுக்கூடம்தான் செய்ய முடியும்; செய்தது!

அந்த வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. 2020ஆம் ஆண்டு கேரளத்திலே மரவள்ளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. விரைவிலேயே சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளியை அது பற்றிற்று. சவ்வரிசி ஆலைகளின் தீவனமே மரவள்ளிக் கிழங்கல்லவா? இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவிலே கோடிக்கணக்கான மக்களின் உணவைப் பறித்தது. அங்கே, தென்னமெரிக்கக் குளவியொன்றைக் கொண்டுவந்து அதை அடக்கிய ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிஞர் 1995ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவியே மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. எங்கோ பராகுவே நாட்டிலே கண்டறிந்த அறிவு ஆப்பிரிக்கா வழியாக ஏத்தாப்பூர் வந்து சேர்ந்திருக்கிறது. அறிவுக்கு ஏது எல்லை?

ஆனால் தோழர்களே, பெரும் படையெடுப்பு வரும்போது அரசு விழித்துக்கொள்வது ஒன்று. அன்றாடம் ஓர் ஏழை உழவன் கையிலே வாடிய இலையோடு வந்து நிற்கும்போது "இதுதான் நோய், இதுதான் வழி" என்று சொல்ல ஒருவர் இருப்பது மற்றொன்று. இரண்டாவதற்குத்தான் நாம் வழி காண வேண்டும்.

வழி காட்டிய ஓரிடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. தரமணியிலே, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். குடந்தையிலே பிறந்து, பசுமைப் புரட்சிக்கு அறிவுத் துணையாக நின்ற அந்த அறிஞர், 1987ஆம் ஆண்டு தமக்குக் கிடைத்த முதல் உலக உணவுப் பரிசைக் கொண்டு மறு ஆண்டு நிறுவிய நிலையம் அது. பசுமைப் புரட்சியின் விளைச்சலைக் கண்டு நாடே மயங்கத் தொடங்கிய 1968ஆம் ஆண்டிலேயே, காசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்தினால் கேடு விளையும் என்று எச்சரித்தவரும் அவரே. விதையை ஏற்றோம், எச்சரிக்கையை ஏற்றோமா?

2003ஆம் ஆண்டு தென்னமெரிக்காவின் பொலிவியாவிலே தொடங்கியது பயிர் மருத்துவமனை என்னும் எண்ணம். "கேபி" என்ற பன்னாட்டு அமைப்பு 2011ஆம் ஆண்டு அதை ஒரு பெருந்திட்டமாக்கி, முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டு சென்றது. இலங்கையும் அதில் ஒன்று. தரமணி நிறுவனம் 2012ஆம் ஆண்டு அதனோடு கைகோத்துத் தமிழகத்து ஊர்களில் பயிர் மருத்துவமனைகளை நடத்திற்று.

மருத்துவமனை என்றதும் மாடிக் கட்டடத்தை எண்ணாதீர்கள்! ஒரு மேசை, சில நாற்காலிகள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பூச்சி நோய்ப் படங்கள், பயிற்சி பெற்ற ஒருவர், அவ்வளவே. ஊர் கூடும் இடத்திலே, குறித்த நாளிலே, மேசை போடப்படும். உழவர் தம் செடியைக் கொண்டு வருவார். பயிர் மருத்துவர் வேரைப் பார்ப்பார், தண்டைப் பிளந்து பார்ப்பார், என்ன உரமிட்டீர், எப்போது நீர் பாய்ச்சினீர் என்று கேட்பார். பூச்சியால் வந்ததா, நோயால் வந்ததா, சத்துக் குறைவால் வந்ததா என்று தீர்மானிப்பார். சத்துக் குறைவால் மஞ்சளித்த பயிருக்குப் பூச்சிக்கொல்லி தெளித்துப் பணத்தைப் பாழாக்கிய உழவர் ஒருவரா இருவரா? முடிவிலே, சீட்டு எழுதிக் கையில் கொடுப்பார். அந்தச் சீட்டில் முதலிடம், பசுமைப் பட்டியலில் உள்ள வழிகளுக்கு: எதிர்ப்புத் திறனுள்ள விதை, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை, நூறு லிட்டர் நீருக்கு ஐந்து கிலோ பருப்பிட்ட வேப்பங்கொட்டைக் கரைசல். இவை போதாதபோது மட்டும் மஞ்சள் பட்டியல்: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை முறை, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை என்ற கட்டுப்பாடுகளோடு.

எழுதித் தருகிறார் என்பதைக் கவனியுங்கள். எழுத்திலே பொறுப்பு இருக்கிறது. வாய்ச்சொல் காற்றோடு போகும். சீட்டு நாளை கேள்வி கேட்கும்.

வேப்பங்கொட்டை என்றேன். கோட்டூர்புரத்திலே, 1995ஆம் ஆண்டு முதல், இந்திய மரபு அறிவு மையம் என்ற நிறுவனம் இத்தகைய பயிர்ப் பாதுகாப்பு முறைகளைச் சோதித்து உழவர்களிடம் பரப்பி வருகிறது. நம் பாட்டிமார் நெல் குதிரிலே வேப்பிலை போட்டது பழங்கதை என்று நகைத்தோர் உண்டு. அந்த வேம்பின் பூஞ்சைக் கொல்லித் திறனுக்கு, டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் சேர்ந்து 1994ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே காப்புரிமை பெற்றபோது நகைப்பு நின்றது! வழக்குத் தொடுக்கப்பட்டது, 2000ஆம் ஆண்டு அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது, 2005ஆம் ஆண்டு மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது. நம் கொல்லையில் உதிர்ந்து கிடப்பதன் அருமையை அயலார் சொல்லித்தானா நாம் அறிய வேண்டும்?

இனி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"அப்படியானால் பூச்சிக்கொல்லி அனைத்தையும் நாளையே தடை செய்துவிடலாமே" என்பார் சிலர். வேண்டாம் தோழர்களே, அவசரம் வேண்டாம்! 2021ஆம் ஆண்டு இலங்கை அரசு, இரசாயன உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே ஆணையில் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. மாற்று வழியைக் கற்பிக்க ஆளில்லை. மாற்று உரம் கையிலில்லை. விளைச்சல் வீழ்ந்தது, உழவர் தெருவுக்கு வந்தனர், அதே ஆண்டு நவம்பரிலே அரசு பின்வாங்கிற்று. அங்கே துன்புற்றோரில் நம் இனத்து உழவர்களும் உண்டு. இந்தோனேசியாவையும் இலங்கையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே தேர்ந்தெடுத்த தடையும் உழவர் பள்ளியும். இங்கே ஒட்டுமொத்தத் தடையும் வெறுங்கையும். கொடிய நஞ்சை நீக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு நடுவணரசு மோனோகுரோட்டோபாஸ் புட்டிகளுக்கு எதிராக ஆணையிட்டது போன்ற நடவடிக்கை தொடர வேண்டும். ஆனால், நஞ்சைப் பறிக்கும் கை அறிவைக் கொடுக்கவும் வேண்டும்.

"வேளாண் துறை அலுவலர்கள் இருக்கிறார்களே, இன்னொரு மருத்துவர் எதற்கு?" என்பார் வேறு சிலர். இருக்கிறார்கள், உழைக்கிறார்கள். ஆனால் மானியப் படிவம், பயிர்க் காப்பீடு, கணக்கெடுப்பு என்று ஆயிரம் வேலையை அவர்கள் தலையிலே ஏற்றிவிட்டு, வாடிய இலையைப் பார்க்க நேரம் எங்கே வைத்தோம்? "கைப்பேசியிலே உழவன் செயலி இருக்கிறதே" என்பார்கள். 2018ஆம் ஆண்டு வந்த அச்செயலி பயனுடையது. எனினும், படம் பார்த்துச் சொல்வதும், செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்து பார்த்துச் சொல்வதும் ஒன்றாகுமா? மருத்துவமனைக்குச் செயலி துணையாகலாம், மருத்துவமனைக்குப் பதிலாகாது.

ஆகவே நாம் கோருவது என்ன?

முதலாவது: ஒன்றியந்தோறும், குறித்த கிழமையில், குறித்த இடத்தில், அரசுச் செலவில் பயிர் மருத்துவமனை. 1999ஆம் ஆண்டு முதல் இயங்கும் உழவர் சந்தைகள் இருக்கின்றன, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன, வாரச்சந்தைகள் இருக்கின்றன. மேசை போட இடமா இல்லை? அயல்நாட்டு உதவியால் நடக்கும் திட்டத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. பூச்சிக்கு முடிவு நாள் இல்லை. எனவே, இது திட்டமாக இருத்தலாகாது. துறையின் நிலையான பணியாக வேண்டும்.

இரண்டாவது: கொடிய பூச்சிக்கொல்லிகளை, பயிர் மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாது. நோய் காண்பதும் விற்பதும் இரு கைகளாகப் பிரிய வேண்டும்.

மூன்றாவது: ஒட்டுண்ணிகளையும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் பெருக்கும் கூடங்கள் மாவட்டந்தோறும் வேண்டும். ஊர்ப்புறப் பெண்கள் குழுக்களே அவற்றை நடத்தலாம், அவர்களுக்கு வருவாயுமாகும்.

நான்காவது: தெளிப்பவரை நினையுங்கள். நில உடைமையாளர் பலர் வரப்பிலே நிற்க, தெளிப்பானைச் சுமப்பவர் கூலித் தோழர். முகமூடி இல்லை, கையுறை இல்லை. எதிர்க்காற்றில் பறக்கும் நஞ்சு அவர் மூச்சிலே. கடை விற்கும் புட்டியோடு காப்புக் கருவியும் சேர்ந்தே போக வேண்டும் என்பதைச் சட்டமாக்க வேண்டும்.

ஐந்தாவது, உங்களிடம், மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் உங்களிடம்! துளையுள்ள காயைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். புழு கடித்த பகுதியை அரிவாள்மனை நீக்கும். நஞ்சு ஊறிய காயை எந்த அரிவாள்மனையும் தூய்மையாக்காது. பளபளப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கும் நாம், பாதுகாப்புக்கு விலை கொடுக்கப் பழகுவோம். அது உழவனுக்கு நாம் இடும் பிச்சையன்று. நம் பிள்ளைகளுக்கு நாம் செய்துகொள்ளும் காப்பு.

மனிதனுக்கு மருத்துவமனை கட்டினோம்; மாட்டுக்கு மருத்துவமனை கட்டினோம். இருவருக்கும் சோறளிக்கும் பயிருக்கு மட்டும் கடைவாசலா? சைதாப்பேட்டையிலே பள்ளி தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கற்ற கல்வி போதும் என்று நான் கூறவில்லை; கற்றது வரப்புவரை வந்து சேரட்டும் என்கிறேன். உழவன் நம்மிடம் கேட்பது இரக்கத்தையன்று. இலையைப் பார்த்து உண்மையைச் சொல்லும் ஒருவரை. அந்த ஒருவரை அவனுக்கு அளிப்பது ஆட்சியின் கடமை. அளிக்கும் வரையில் கேட்பது நம் கடமை.

கேட்போம், ஓயாது கேட்போம்.